இரண்டு கடிகாரங்கள்: முதுமையை வெல்லச் சொல்லும் புத்தகங்களை வாசிப்பது

முதுமையைத் தள்ளிப்போடக் கற்றுத்தரும் புத்தகங்களை நான் புனைவாகத்தான் வாசிக்கிறேன். கிண்டலுக்குச் சொல்லவில்லை. துப்பறியும் நாவலுக்கு ஒரு இலக்கணம் இருப்பதுபோல இவற்றுக்கும் ஒன்று இருக்கிறது. கதைசொல்லி ஒரு மருத்துவர் அல்லது விஞ்ஞானி. தான் பரிந்துரைக்கும் மருந்தைத் தானே விழுங்குகிறவர். அவருக்கு வயதான ஒரு அப்பாவோ பாட்டியோ உண்டு. அவர்கள் ஒன்று கண்ணெதிரே கரைந்துபோவார்கள், இல்லையென்றால் மருந்தினால் மலையேறுவார்கள். நடுவில் ஒரு எலி. கிழட்டு எலி திடீரென்று சக்கரத்தில் ஓடத் தொடங்கும் இடம்தான் கதையின் உச்சம். கடைசியில், எதை எத்தனை மில்லிகிராம் எப்போது சாப்பிட வேண்டும் என்ற பட்டியல். நூறு வருடமாக மருந்துதான் மாறியிருக்கிறது, கதை மாறவில்லை.

இந்தப் புத்தகங்கள் மேல் எனக்கு ஆர்வம் வந்ததற்குக் காரணம் இலக்கியம் இல்லை, வேலை. சென்னையில் இரண்டு வருடம் மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் பார்த்தேன். அமெரிக்க மருத்துவர்கள் பகலில் பேசிப் பதிவு செய்வதை இங்கே ராத்திரியில் உட்கார்ந்து தட்டச்சு செய்ய வேண்டும். முகம் தெரியாத எழுபது வயதுக்காரர்களுக்குத் தூக்கம் வருவதில்லை என்பதையும், அவர்களுக்குப் படுக்கும்முன் மெலடோனின் மூன்று மில்லிகிராம் என்பதையும், விடியற்காலை மூன்று மணிக்குத் தூங்காமல் உட்கார்ந்து நான் அடித்துக்கொண்டிருந்தேன். அந்தச் சொல்லின் பின்னால் போனதில் கிடைத்ததுதான் திருவல்லிக்கேணி பைகிராஃப்ட்ஸ் சாலைப் பழைய புத்தகக் கடையில், முதுகு கிழிந்த நிலையில், 1995இல் வெளிவந்த ‘தி மெலடோனின் மிராக்கிள்’.

வால்டர் பியர்பவோலி, வில்லியம் ரெகல்சன் என்ற இரு மருத்துவ ஆய்வாளர்கள், கரோல் கோல்மன் என்ற எழுத்தாளரோடு சேர்ந்து எழுதியது. முதுமையைத் திருப்பும், நோயை எதிர்க்கும், பாலுணர்வைக் கூட்டும் இயற்கையின் ஹார்மோன் என்று துணைத்தலைப்பே எல்லாவற்றையும் சொல்லிவிடும். அமெரிக்காவில் விற்பனைப் பட்டியலில் ஏறிய நூல். அதற்கு முந்தைய வருடம், 1994இல்தான், உணவுத் துணைப்பொருள்களை மருந்துக்கான கறாரான சோதனை இல்லாமல் விற்க அங்கே சட்டம் வழிவிட்டிருந்தது. புத்தகமும் புட்டியும் ஒன்றாகக் கடைக்கு வந்தன.

மோசமாக எழுதப்பட்ட புத்தகம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. வாசிக்க வைக்கிறது. மூளையின் நடுவே பீனியல் என்றொரு சிறு சுரப்பி. இருட்டில் அது மெலடோனினைச் சுரக்கிறது, வெளிச்சத்தில் நிறுத்திக்கொள்கிறது. இதுவரை சரி. பிறகு ஆசிரியர்கள் ஒரு தாவு தாவுகிறார்கள். பீனியல்தான் முதுமையின் கடிகாரம். அது தளர்ந்துவிட்டது என்ற செய்தி உடலின் மற்ற பாகங்களுக்குப் போவதால்தான் நாம் கிழடாகிறோம். மெலடோனினை வெளியிலிருந்து கொடுத்தால் கடிகாரத்தைத் திருப்பி வைக்கலாம். இளம் எலியின் பீனியலைக் கிழட்டு எலிக்கும், கிழட்டு எலியினுடையதை இளம் எலிக்கும் வைத்த சோதனை இங்கே வருகிறது. ஒன்று இளமையாகிறது, மற்றது மூப்படைகிறது. யயாதி கதைதான். நம்மூர் வாசகருக்குச் சொல்லிக்கொடுக்கவே வேண்டாம்.

எனக்கு நெருடியது ‘கடிகாரம்’ என்ற சொல். உயிரியலில் கடிகாரம் என்று ஒன்று உண்மையாகவே இருக்கிறது. 1729இல் ழான்-ழாக் தெ மேரான் என்ற பிரெஞ்சு வானியலாளர் தொட்டாற்சிணுங்கி வகைச் செடி ஒன்றை இருட்டில் வைத்துப் பார்த்தார். சூரியனே இல்லாமல், பகலில் விரிந்து இரவில் மூடுவதை அது தொடர்ந்தது. 1971இல் கொனோப்காவும் பென்சரும் பழ ஈக்களில் ஒரு மரபணுவின் மூன்று பிறழ்வுகளைக் கண்டார்கள்: ஒன்றில் நாள் 19 மணி நேரமாகச் சுருங்கியது, ஒன்றில் 28 மணியாக நீண்டது, மூன்றாவதில் நாள் என்பதே இல்லை. அந்த மரபணு எப்படி வேலை செய்கிறது என்று பிரித்துக் காட்டிய ஹால், ரோஸ்பாஷ், யங் மூவருக்கும் 2017இல் நோபல். மரபணு ஒரு புரதத்தைச் செய்யச் சொல்கிறது. புரதம் சேர்ந்து சேர்ந்து கடைசியில் அந்த மரபணுவையே வாயடைக்கிறது. புரதம் சிதைந்ததும் மரபணு மறுபடி வாய் திறக்கிறது. ஒரு சுற்று, ஏறத்தாழ ஒரு நாள். மனித மூளையில் இதற்கான தலைமை இடம் சுமார் 20,000 நரம்பணுக்கள் கொண்ட ஒரு சிறு முடிச்சு. மெலடோனின் அந்த முடிச்சு அனுப்பும் செய்தி, அவ்வளவுதான். அதிலும் அது ‘தூங்கு’ என்ற செய்தியே இல்லை, ‘இருட்டிவிட்டது’ என்ற செய்தி. ராத்திரி முழுக்க ஓடியாடும் எலியின் உடலிலும் மெலடோனின் ராத்திரியில்தான் ஏறுகிறது.

இந்தக் கடிகாரம் சுற்றுவது. இன்று காலை இருந்த இடத்துக்கு நாளை காலை வந்துவிடும். முதுமை அப்படி வருவதில்லை. அது அந்தக் காலத்து நாழிகை வட்டில்போல, ஒரே திசையில் நிறைவது. இரண்டையும் ஒரே சொல்லால் குறித்ததும் ஒரு வித்தை நடந்துவிடுகிறது. சுற்றும் கடிகாரத்தை முன்னே பின்னே நகர்த்த முடியும் என்பது நிரூபணமான விஷயம். விமானத்தில் வெளிநாடு போய்வரும் யாருக்கும் அது தெரியும். அந்த நிரூபணத்தின் நம்பகத்தன்மையை அப்படியே தூக்கிப் போய் முதுமையின் மேல் ஒட்டிவிடுகிறார்கள். உவமை சான்றின் வேலையைச் செய்கிறது. கவிதையில் இது நடந்தால் சபாஷ் போடுவோம். மாத்திரைச் சீட்டில் நடக்கக் கூடாது.

சான்று என்ன ஆயிற்று? அதே 1995இல் ஸ்டீவன் ரெப்பர்ட், டேவிட் வீவர் என்ற இருவர் ‘செல்’ ஆய்விதழில் ஒரு சிறு கட்டுரை எழுதினார்கள். நான் வாசித்த மிகச் சிறந்த இலக்கிய விமர்சனங்களில் அதுவும் ஒன்று என்று சொல்ல ஆசை. பிரதியை நெருங்கி வாசித்தார்கள், அவ்வளவுதான். சோதனையில் பயன்பட்ட முக்கியமான எலி வகைகளில் மெலடோனினைத் தயாரிக்கும் திறனே மரபணுக் கோளாறால் இல்லை. இளம் எலியின் பீனியலில் மெலடோனினே இல்லாதபோது, அதை மாற்றி வைத்ததால் கிழட்டு எலிக்கு மெலடோனின் கிடைத்து இளமை திரும்பியது என்று எப்படிச் சொல்வது? மெலடோனின் சுரக்கிற வேறொரு வகைப் பெண் எலிகளுக்கு அதையே கொடுத்தபோது இனப்பெருக்க உறுப்புகளில் கட்டி வந்து அவற்றின் ஆயுள் குறைந்தது. இது வேறு யாரோ செய்த சோதனையும் இல்லை, பியர்பவோலி குழுவின் சொந்த முடிவு. 1999இல் இன்னொரு ஆய்வு, ஆரோக்கியமான, வேறு மருந்து எதுவும் எடுக்காத முதியவர்களின் ரத்தத்தில் மெலடோனின் அளவு இளைஞர்களைவிடக் குறைந்திருக்கவில்லை என்று காட்டியது. கதையின் அஸ்திவாரமே அதுதானே.

என் அண்ணன் நியூஜெர்சியிலிருந்து அம்மாவுக்கு மெலடோனின் மிட்டாய் அனுப்பினான். ஸ்ட்ராபெர்ரி வாசனை. அம்மாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. ராத்திரி ஒன்பதுக்குப் படுத்தால் மூன்றரைக்கு முழிப்பு. “முழிச்சா எந்திரிச்சிட்டுப் போறேன். இதுக்கு மிட்டாய் திங்கணுமாடி?” என்று கேட்டுவிட்டு பிரிட்ஜில் வைத்தாள். 2023இல் அமெரிக்காவில் இப்படி விற்கும் 25 மெலடோனின் மிட்டாய்களைப் பரிசோதித்ததில் 22இல் லேபிளில் போட்ட அளவும் உள்ளே இருந்த அளவும் பொருந்தவில்லை. ஒன்றில் மெலடோனினே இல்லை. இதை அண்ணனிடம் சொன்னதற்கு, நீ எதையுமே நம்பமாட்டாய் என்றான். அப்படியில்லை. நேரம் மாறிய பயணத்துக்கு, சில தூக்கக் கோளாறுகளுக்கு மெலடோனின் உதவுகிறது. இளமைக்கு உதவியதாகத்தான் கதை இல்லை.

*

இந்த வகைப் புத்தகங்களுக்கு ஒரு மூலக் கதை உண்டு. 1889 ஜூன் 1, பாரிஸ். சார்ல்-எதுவார் பிரௌன்-செக்கார், 72 வயது, அக்காலத்தின் மதிக்கத்தக்க உடலியல் அறிஞர், சக அறிஞர்கள் முன் எழுந்து நின்று, நாய்கள், கினிப்பன்றிகளின் விதைகளைப் பிழிந்தெடுத்த சாற்றைத் தனக்குத்தானே ஊசி போட்டுக்கொண்டதாக அறிவித்தார். படியேற முடிகிறது, நெடுநேரம் வேலை பார்க்க முடிகிறது, சிறுநீர் பாயும் தூரம்கூட அளந்து பார்த்ததில் கூடியிருக்கிறது. நீரில் எடுத்த அந்தச் சாற்றில் ஹார்மோன் இருந்திருக்கவே வாய்ப்பு மிகக் குறைவு என்பது பின்னாளில் தெரிந்தது. ‘ஹார்மோன்’ என்ற சொல்லே 1905இல்தான் வந்தது. ஐந்து ஆண்டுகளில் அவர் இறந்தும்போனார். ஆனால் வடிவம் பிறந்துவிட்டது: தன் உடலையே சாட்சியாக நிறுத்தும் முதிய ஆண் விஞ்ஞானி.

அடுத்து வியன்னாவின் ஒய்கன் ஸ்டைனாக். விந்துக் குழாயைக் கட்டிவிட்டால் விதையின் மற்ற அணுக்கள் பெருகி, ஹார்மோன் கூடி, இளமை திரும்பும் என்றார். கிட்டத்தட்ட நம்மூர் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன்தான் இது. 1923இல் ஃப்ராய்ட் செய்துகொண்டார். 1934இல், 68 வயதில், டபிள்யூ.பி. யேட்ஸ் லண்டனில் செய்துகொண்டார். டப்ளின் பத்திரிகைகள் சுரப்பிக் கிழவர் என்று கேலி செய்தன.

யேட்ஸ் விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். அதற்குப் பிறகு அவர் வாழ்ந்தது ஐந்து ஆண்டுகளுக்கும் குறைவு. அந்தக் காலத்தில் எழுதிய கவிதைகளில் கோபமும் காமமும் கிழவனின் திமிரும் பொங்குகின்றன. தனக்கு இரண்டாம் பருவம் வந்துவிட்டதாக அவரே பேசினார். மருத்துவம் என்ன சொல்கிறது என்றால், அந்த அறுவையால் ஹார்மோன் கூடாது. அப்படியென்றால் கவிதைகளை எதன் கணக்கில் எழுதுவது? நம்பிக்கை மருந்தாக வேலை செய்தது என்பது சுலபமான பதில். எனக்கு அது போதவில்லை. அறுவை அவருக்குக் கொடுத்தது ஒரு வேடம். கிழவன் காமத்தைப் பேசலாம் என்ற அனுமதி. முதிய உடலிலிருந்து பேசுவதை ஒரு கவிதை முறையாக ஆக்கிக்கொள்ள ஒரு சாக்கு. இளமை திரும்பிய மனிதனின் கவிதைகளாக அவற்றை வாசிக்கவே முடியாது. முதுமையைத் தவிர வேறு எங்கிருந்தும் வரமுடியாதவை அவை. ஸ்டைனாக்கின் விளம்பரத்துக்கு யேட்ஸைப்போல மோசமான சாட்சி கிடையாது.

1920களில் புனைவு இந்தச் சுரப்பி மோகத்தை உடனுக்குடன் எதிர்கொண்டது. செர்கேய் வோரோனாஃப் பாரிஸில் குரங்கின் விதைத் துண்டுகளை மனிதருக்கு ஒட்டத் தொடங்கியது 1920. 1923இல் கோனன் டாயில் ‘தி க்ரீப்பிங் மேன்’ கதையை எழுதிவிட்டார். இளம்பெண்ணை மணக்க ஆசைப்பட்டு, இமயமலைப் பக்கத்துக் குரங்கின் சீரத்தை ஏற்றிக்கொண்ட 61 வயதுப் பேராசிரியர் ராத்திரியில் சுவரேறித் தாவுகிறார். பலவீனமான கதை. இயற்கையை மிஞ்சினால் இயற்கைக்குக் கீழே விழுவாய் என்று ஷெர்லக் ஹோம்ஸை விட்டே உபதேசம் செய்ய வைத்துவிட்டார் டாயில். துப்பறிகிறவர் பிரசங்கியானால் கதை செத்துப்போகும்.

புல்ககோவின் ‘நாயின் இதயம்’ வேறு தரம். 1925இல் எழுதப்பட்டு, மறு ஆண்டே ரகசியப் போலீஸாரால் கைப்பற்றப்பட்டு, சோவியத் மண்ணில் 1987இல்தான் அச்சேறியது. பேராசிரியர் பிரியோபிரஷென்ஸ்கி பணக்காரர்களுக்கு இளமை தருகிற தொழில் நடத்துகிறார். மாஸ்கோவில் வீட்டுக்குத் தட்டுப்பாடு. அவருக்கு மட்டும் ஏழு அறை. ஒரு தெரு நாய்க்கு, செத்துப்போன ஒரு குடிகாரனின் பிட்யூட்டரியையும் விதைகளையும் வைக்கிறார். இளமை வருமா என்று பார்க்கத்தான். வந்ததோ ஒரு மனிதன். அதுவும் அடாவடியான மனிதன். புரட்சியின் மேலான கேலி என்றுதான் இதை வழக்கமாக வாசிப்பார்கள். நான் திரும்பவும் வாசித்தபோது கண்ணில் பட்டது அந்த நோயாளிகள். பச்சைத் தலைமுடியோடு வரும் கிழவன், குரங்கின் சூலகத்துக்கு ஒப்புக்கொள்ளும் மூதாட்டி. இளமைத் தொழிலின் வரவேற்பறையை இவ்வளவு துல்லியமாக வேறு யாரும் எழுதவில்லை. அங்கே யார் வருகிறார்கள், யார் கத்தியின் கீழே படுக்கிறார்கள்? தெரு நாயும் அனாதைப் பிணமும் கத்தியின் கீழே. பணம் கொடுக்கிறவர்கள் பக்கத்து அறையில். பேராசிரியர் ஒரு கட்டத்தில் வருந்தவும் செய்கிறார்: ஒரு மேதையை எந்த நாட்டுப்புறத்துப் பெண்ணும் பெற்றெடுக்க முடியும்போது இந்த வேலை எதற்கு என்கிறார். ஆனால் கடைசிப் பக்கத்திலும் அவர் ஜாடிகளுக்குள் கைவிட்டு மூளைகளைத் துழாவிக்கொண்டுதான் இருக்கிறார். இந்த ஒரு காட்சிக்காகப் புல்ககோவுக்கு எதையும் கொடுக்கலாம்.

காரெல் சாப்பெக்கின் ‘மாக்ரோபுலோஸ் விவகாரம்’ 1922இல் மேடையேறிய நாடகம். முந்நூறு வருடத்துக்கு மேல் வாழ்ந்துவிட்ட பாடகி எமிலியா மார்ட்டி எல்லாவற்றிலும் சலித்துப்போய் நிற்கிறாள். நித்தியம் சலிக்குமா என்ற கேள்வியை வைத்துத் தத்துவவாதி பெர்னார்ட் வில்லியம்ஸ் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை ஒன்று உண்டு, அதிலிருந்து எல்லாரும் சலிப்பைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது கதையின் தொடக்கம். பேரரசர் இரண்டாம் ருடால்ஃபுக்காக மருத்துவர் தயாரித்த அமுதம் அது. பேரரசருக்குக் குடிக்கப் பயம். முதலில் உன் மகளுக்குக் கொடு என்கிறார். பதினாறு வயது எலினா அப்படித்தான் எமிலியா ஆனாள். அவள் நீண்ட ஆயுளைத் தேடிப் போகவில்லை. அவள் ஒரு சோதனை எலி. மூன்றாம் அங்கத்தில் அந்தச் சூத்திரத்தை யாருக்குக் கொடுக்கலாம் என்று ஆண்கள் உட்கார்ந்து விவாதிக்கிறார்கள். எல்லா மனிதருக்கும் என்கிறார் ஒருவர். தகுதியுள்ள வலியவர்களுக்கு மட்டும் என்கிறார் இன்னொருவர். யானாச்செக் 1926இல் இதை ஆபராவாக்கியபோது அந்த விவாதத்தை வெட்டிவிட்டார். இசைக்கு அது நல்லதுதான். நமக்கு நஷ்டம்.

இந்த வரிசையில் யாரும் சேர்க்காத பெயர் கெர்ட்ரூட் ஆதர்டன். ஸ்டைனாக் முறையில் பெண்களுக்கு அறுவை கிடையாது, சூலகத்தின் மேல் எக்ஸ்ரே பாய்ச்சுவார்கள். ஆதர்டன் அதைச் செய்துகொண்டு 1923இல் ‘பிளாக் ஆக்ஸன்’ என்ற நாவலை எழுதினார். அமெரிக்காவில் அந்த ஆண்டு பரபரப்பாக விற்ற நாவல். ஐம்பத்தெட்டு வயதுச் சீமாட்டி முப்பது வயதுத் தோற்றத்தோடு நியூயார்க் திரும்புகிறாள். இளம் பத்திரிகையாளன் ஒருவன் காதலில் விழுகிறான். உரைநடை கனத்துப்போய்த்தான் கிடக்கிறது, அலங்காரம் அதிகம், சீமான்களின் உலகத்தைத் தாண்டாது. ஆனால் ஒரு காரியத்தை இந்த நாவல் மட்டும்தான் செய்கிறது. திரும்பக் கிடைத்த இளமையை வைத்து ஒரு பெண் என்ன செய்வாள் என்று யோசிக்கிறது. அவள் காதலனை விட்டுவிட்டு ஐரோப்பிய அரசியலுக்குத் திரும்புகிறாள். உடல் இளமையாகிவிட்டது, அந்த உடலுக்குள் இருப்பவளுக்கு அறுபது வருட அறிவு இருக்கிறது, இருபது வயதுப் பெண்ணின் முட்டாள்தனம் தேவையில்லை. ஆண் எழுத்தாளர்களின் கிழவர்கள் எல்லாரும் இளமை வந்ததும் நேராகப் படுக்கையறைக்குத்தான் ஓடுகிறார்கள்.

*

பெண்களுக்கான இளமைப் புத்தகம் என்றால் ராபர்ட் வில்சன் 1966இல் எழுதிய ‘ஃபெமினின் ஃபாரெவர்’. மாதவிடாய் நிற்பது ஒரு குறைபாட்டு நோய், சர்க்கரை நோய்க்கு இன்சுலின்போல இதற்கு ஈஸ்ட்ரோஜன் என்பது அவர் வாதம். வாசிக்கும்போது என்னை உறுத்தியது விஞ்ஞானத்தைவிடத் தொனி. மருந்து எடுக்காத பெண் கணவனுக்குச் சுமை என்ற பயமுறுத்தல் வரிக்கு வரி ஓடுகிறது. எழுதும் செலவை ஈஸ்ட்ரோஜன் மாத்திரை செய்த நிறுவனம் ஏற்றது என்று பின்னாளில் அவர் மகனே சொன்னார். 2002இல், 16,000க்கு மேற்பட்ட பெண்கள் பங்கேற்ற அமெரிக்கச் சோதனை ஒன்று, ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்த்துக் கொடுத்த பிரிவில் மார்பகப் புற்றுநோய், பக்கவாதம் முதலியவை கூடியதால் பாதியில் நிறுத்தப்பட்டது. அந்தப் பயமும் பிறகு மிகையாகிப்போனது. மாதவிடாய் நிற்கும் வயதை ஒட்டிய பெண்களுக்கு, உடம்பு தீயாய்க் கொதிக்கும் அவஸ்தைக்கு, மருத்துவர் பார்த்துக் கொடுக்கும் ஹார்மோன் இன்றைக்கும் நல்ல மருந்துதான். அவஸ்தைக்கு மருந்து, இளமைக்கு அமுதம் என்ற இரண்டையும் ஒரே புட்டியில் அடைத்ததில்தான் வினை. ஒருமுறை அமுதம் என்று சொல்லிவிட்டால், அது பொய்த்தபிறகு மருந்தாகவும் யாரும் தொடமாட்டார்கள். எத்தனை பெண்கள் அந்தக் கொதிப்பைச் சும்மா தாங்கினார்களோ.

வளர்ச்சி ஹார்மோன் கதை இன்னும் விசித்திரம். 1990இல் டேனியல் ருட்மன் குழு 60 வயது தாண்டிய 12 ஆண்களுக்கு ஆறு மாதம் அதைக் கொடுத்தது. தசை கூடியது, கொழுப்பு குறைந்தது. அந்த 12 பேரை வைத்து ஒரு தொழிலே எழும்பியது. ஆய்வை வெளியிட்ட இதழே, 2003இல், இதை விளம்பரத்துக்குப் பயன்படுத்துகிறார்கள் என்று எச்சரிக்க வேண்டி வந்தது. இதில் வேடிக்கை, பிறவியிலேயே வளர்ச்சி ஹார்மோன் இல்லாத குள்ள எலிகள்தான் மற்ற எலிகளைவிட வெகுகாலம் வாழ்கின்றன. குறைந்தால் ஆயுள் கூடுகிற ஒன்றைக் கூட்டி விற்றார்கள்.

இப்போதைய புத்தகங்களுக்கு வருகிறேன். டேவிட் சின்க்ளேரின் ‘லைஃப்ஸ்பேன்’ 2019இல் வந்தது, இளைஞர்கள் பலர் அலமாரியில் இருக்கிறது. மேலே சொன்ன இலக்கணம் அப்படியே பொருந்தும்: தொடக்கத்தில் பாட்டி, நடுவில் எலி, மாத்திரைக்குப் பின் உற்சாகமாக ஊர்சுற்றும் அப்பா, முடிவில் தான் விழுங்குவதன் பட்டியல். சின்க்ளேர் திறமையான கதைசொல்லி. முதுமை என்பது தகவல் இழப்பு, கீறல் விழுந்த இசைத்தட்டு, பாலிஷ் போட்டால் பழைய பாட்டு கேட்கும் என்ற அவருடைய உவமை நன்றாகவே இருக்கிறது. மறுபடியும் உவமைதான் இழுத்துக்கொண்டு போகிறது. அவர் பிரபலமாக்கிய ரெஸ்வெரட்ரால், அமெரிக்க அரசு நிதியில் மூன்று ஆய்வகங்களில் ஒரே நேரத்தில் நடக்கும் சோதனைத் திட்டத்தில் சாதாரண எலிகளின் ஆயுளைக் கூட்டவில்லை. ஈஸ்டர் தீவு மண்ணிலிருந்து வந்த ராபாமைசின் அதே திட்டத்தில் கூட்டியது. எலிக்கு 600 நாள் வயதான பிறகு, அதாவது மனிதக் கணக்கில் சுமார் அறுபதில், தொடங்கியும் கூட்டியது. அது நோயெதிர்ப்பை அடக்கும் மருந்து என்பதால் கவர்ச்சி குறைவு. 2024இல் நாய்களின் முதுமையைத் திருப்பும் மாத்திரை என்று ஒரு நிறுவனம் அறிவித்ததில் சின்க்ளேரின் பெயர் இருந்தது. சக ஆய்வாளர்கள் கொதித்தார்கள், அவர் ஓர் அமைப்பின் தலைவர் பொறுப்பிலிருந்து விலகினார். மறுபடியும் நாய்! புல்ககோவ் இருந்திருந்தால் சிரித்திருப்பார்.

அதே 2024இல் வெங்கி ராமகிருஷ்ணனின் ‘ஒய் வி டை’ வந்தது. சிதம்பரத்தில் பிறந்தவர், ரைபோசோமின் கட்டமைப்புக்காக 2009இல் நோபல் பெற்றவர், எதையும் விற்காதவர். இலக்கணத்தை உடைக்கிறார்: இங்கே அற்புத எலி இல்லை. ஒவ்வொரு கண்டுபிடிப்பையும் எடுத்து, இது எலியில், இது புழுவில், இது இன்னும் தெரியாது என்று பிரித்து வைக்கிறார். சாப்பெக்கின் மூன்றாம் அங்கத்தை யானாச்செக் வெட்டியதுபோல அவர் வெட்டவில்லை. கடைசிப் பகுதியில் நீண்ட ஆயுள் யாருக்கு, கிழவர்கள் நாற்காலியைவிட்டு எழாவிட்டால் இளைஞர் எங்கே உட்காருவது என்ற கேள்விகளுக்கு இடம் கொடுக்கிறார். குறை என்று சொன்னால், நிதானம் சில இடங்களில் கமிட்டி அறிக்கையாகிவிடுகிறது. வயதான மனிதர் ஒருவரின் ஒரு நாள் எப்படிப் போகிறது என்பது இந்தப் புத்தகத்திலும் இல்லை. முதுமையைப் பற்றிய இத்தனை ஆயிரம் பக்கங்களில் முதியவர் ஒருவர் தன் குரலில் பேசும் பக்கம் அபூர்வம். யேட்ஸைத் தவிர்த்து.

சுற்றும் கடிகாரத்துக்கும் முதுமைக்கும் தொடர்பே இல்லையா? இருக்கிறது, 1995இல் சொன்ன இடத்தில் இல்லை. நாள் கடிகாரத்தின் முக்கிய மரபணு ஒன்றை எடுத்துவிட்டால் எலிகள் சீக்கிரமே மூப்படைந்து சாகின்றன. இது 2006இல் தெரிந்தது. 2022இல் ஜோசஃப் தகஹாஷியின் குழு எலிகளுக்கு உணவை 30 சதவீதம் குறைத்தது. குறைந்த உணவை நாள் முழுக்கப் பரப்பிக் கொடுத்தபோது ஆயுள் 10 சதவீதம் கூடியது. எலியின் விழிப்பு நேரமான ராத்திரியில் மட்டும் கொடுத்தபோது 35 சதவீதம். உணவு அதே அளவு. நேரம் மட்டும் வேறு. மனிதருக்கு இது எப்படிப் பொருந்தும் என்பது இனிமேல்தான். ஆனால் நேரம் தப்பிச் சாப்பிட்டு நேரம் தப்பித் தூங்குகிற உடல் எதையோ இழக்கிறது என்பதற்கு மனிதச் சான்றும் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் முகமை 2007இல், மறுபடி 2019இல், நைட் ஷிப்ட் வேலையைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற வகையில் வைத்தது.

இந்தப் புத்தகங்கள் வாசகரை எங்கே உட்காரவைத்துப் பேசுகின்றன என்பது இங்கேதான் தெரிகிறது. எப்போது சாப்பிடலாம், எப்போது தூங்கலாம் என்று தானே முடிவு செய்யக்கூடிய ஒருவர்தான் அவற்றின் வாசகர். ராத்திரி இரண்டு மணிக்குக் கேன்டீனில் சாம்பார் சாதம் சாப்பிட்டுவிட்டு அந்த வாசகருக்கான மருந்துச் சீட்டைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தவர்கள் எங்கள் தளத்தில் மட்டும் நாற்பது பேர். நர்ஸ், வாட்ச்மேன், மில் தொழிலாளி, டெலிவரி பையன் யாரும் அந்தப் பக்கங்களில் வருவதில்லை, நோயாளியாகக்கூட.

கடிகாரத்தைப் பற்றி நான் நம்புகிற எழுத்து மதுரையிலிருந்து வந்தது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரன், சூரியனும் மணியும் பத்திரிகையும் எட்டாத ஒரு தனிமை அறையை மனிதருக்காகக் கட்டினார். அங்கே தங்கிய ஒரு பெண்ணின் தூக்க–விழிப்புச் சுற்றும் மாதவிடாய்ச் சுற்றும் ஒன்றோடொன்று கட்டுண்டவை அல்ல என்று 1991இல் அவர் குழு எழுதியது. உடலுக்குள் ஒரே ஒரு தலைமைக் கடிகாரம் எல்லாவற்றையும் ஆள்கிறது என்ற கதைக்கு அது சின்ன அடி. 2005இல் வெளிவந்த அவருடைய ‘டைம் இன் தி லிவிங் வேர்ல்ட்’ ஆங்கிலத்தில் இருக்கிறது, தேடி வாசிக்கலாம். எந்த மாத்திரையும் அதில் கிடையாது. அதற்கும் முன்னால், 1981இல், மாரிமுத்து, ராஜன் ஆகியோருடன் சேர்ந்து அவர் வௌவால்களைப் பற்றி எழுதியிருந்தார். வெளிச்சமே எட்டாத குகைக்குள் சில வௌவால்களைக் கூண்டில் வைத்தார்கள். சுற்றிலும் சுதந்திரமான வௌவால்கள். அவை சாயங்காலம் இரை தேடப் பறந்துபோய் விடியலில் திரும்பும். வெளியுலகைக் காணாத கூண்டு வௌவால்கள் அந்தப் போக்குவரத்தை வைத்தே தங்கள் கடிகாரத்தைச் சரியாக வைத்திருந்தன. வேறு வௌவால்கள் இல்லாத குகையில் வைத்தபோது கடிகாரம் நின்றுவிடவில்லை. அது பாட்டுக்குத் தன் கணக்கில் சுற்றிக்கொண்டு, நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே இருந்த ராத்திரியிலிருந்து விலகிப்போனது.